ஒற்றைக் காலில் நின்ற தளபதி



தலவாக்கலையில் பஸ் ஏறி, லிந்துலையைக் கடந்து, அக்கரப்பத்தனையில் பாதிப் பேர் இறங்கிய பின்னும் இறங்காமல் உட்கார்ந்திருந்தால் கடைசியில் டயகம வரும். அதற்கு அப்பால் தேயிலை. தேயிலைக்கு அப்பால் காடு. காட்டுக்கு மேலே ஹோர்ட்டன் சமவெளி. நடுப்பகலிலும் போர்வையைத் தேடுகிற குளிர் அங்கே.

அந்த ஊரின் கடைவீதியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். முன்பக்கம் கடை, பின்பக்கம் குடியிருப்பு. வீட்டு உம்மா இஞ்சி போட்ட பிளேன்டீயும் சக்கரையும் கொண்டுவந்து வைத்தார். பேசிக்கொண்டிருக்கும்போது பின் அறையில் யாரோ இருமும் சத்தம் கேட்டது.

"உள்ளே யார்?" என்று கேட்டேன்.

"மூத்த மகன்தான். லொறி மோதி ஒரு கால் போயிற்று. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இரண்டு வருஷமாகப் போகிறது. ஆட்கள் வந்தால் வெளியே வரமாட்டான். நாங்களும் கூப்பிடுவதில்லை."

"அதற்கு முன்னால் என்ன வேலை செய்தார்?"

"கடைக் கணக்கெல்லாம் அவன் கையில்தான் இருந்தது. நல்ல கெட்டிக்காரன்."

"இப்போது கணக்கு எழுதுவது யார்?"

"ஒரு பையனைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறோம்."

சகோதரிகளே! இதைக் கேட்டதும் பிளேன்டீ என் தொண்டையில் நின்றுவிட்டது. கணக்கு எழுதக் கால் எதற்கு? அந்த உம்மா கல்நெஞ்சுக்காரி அல்ல. மகனை நினைத்து இரவெல்லாம் அழுகிறவர். அவன் மனம் நோகக் கூடாது, நாலு பேர் பார்வை அவன் மேல் விழக் கூடாது என்றுதான் உள்ளே வைத்திருக்கிறார். ஆனால் லொறி அவனிடமிருந்து பறித்தது ஒரு காலை மட்டும். அவனுடைய வேலையைப் பறித்தது யார்?

திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஓர் இராணுவ அதிகாரியின் வரலாறு நினைவுக்கு வந்தது. அந்த உம்மாவிடம் அதைச் சொல்லாமல் வந்துவிட்டேன். உங்களிடம் சொல்கிறேன். இந்தப் பத்திரிகை அவர் வீட்டுக்கும் போகிறது.

தேயிலை மலையிலிருந்து போர்க்களத்துக்கு

மலையகத்தில் இருக்கும் நமக்கு நீலகிரி தூரத்து ஊரல்ல. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் தோட்டத்து மக்கள் பங்கு பிரிக்கப்பட்டார்கள். போனவர்களில் பலர் நீலகிரியில் குடியேறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே தமிழ்நாடு அரசு 1968இல் அங்கே தேயிலைத் தோட்டம் தொடங்கியது. இன்று டான்டீ என்று சொல்வது அதைத்தான். குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று முகவரி எழுதிய கடிதங்கள் நம் மலைகளுக்கு எத்தனையோ வந்திருக்கின்றன.

அந்தக் குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டன் என்று ஓர் இடம். இந்திய முப்படைகளின் அதிகாரிகள் மேற்படிப்புப் படிக்கிற கல்லூரி 1950 முதல் அங்கேதான் இருக்கிறது. 1971இல் அங்கே படித்துக்கொண்டிருந்தார் மேஜர் இயன் கார்டோசோ.

1937இல் பம்பாயில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். தேசியப் பாதுகாப்புப் பயிற்சிக் கல்லூரியில் சகல துறையிலும் சிறந்த மாணவருக்கான தங்கப் பதக்கத்தையும், தகுதி வரிசையில் முதலிடத்துக்கான வெள்ளிப் பதக்கத்தையும் ஒருசேரப் பெற்ற முதல் மாணவர். ஐந்தாம் கூர்க்கா ரைபிள்ஸ் படைப் பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தார். நேபாளத்து மலைகளிலிருந்து வந்த அந்தச் சிப்பாய்களின் நாக்குக்குக் கார்டோசோ என்ற பெயர் படியவில்லை. 'கார்த்தூஸ் சாஹிப்' என்று அழைத்தார்கள். கார்த்தூஸ் என்றால் துப்பாக்கித் தோட்டா!

1971ஆம் ஆண்டின் துயரம் பெரியது. கிழக்குப் பாகிஸ்தானில் ஒரே கலிமாவைச் சொன்னவர்களே ஒருவர் இரத்தத்தை ஒருவர் சிந்தினார்கள். இலட்சக்கணக்கான குடும்பங்கள் எல்லை கடந்து ஓடின. கடைசியில் இந்தியாவும் பாகிஸ்தானும் நேருக்கு நேர் மோதின. அந்தப் போரில் கார்டோசோவின் பட்டாலியனில் இரண்டாம் நிலை அதிகாரியாக இருந்தவர் கொல்லப்பட்டார். அந்த இடத்துக்குக் கார்டோசோ போக வேண்டுமென்று உத்தரவு வந்தது. வெலிங்டனின் குளிரையும் புத்தகங்களையும் விட்டுவிட்டு, தம் படை நின்ற சில்ஹெட் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தார்.

சில்ஹெட்டில் ஒரு கால்

1971 டிசம்பர் 7ஆம் தேதி அந்தக் கூர்க்காப் பட்டாலியன் ஹெலிகொப்டர்களில் ஏற்றப்பட்டு, எதிரியின் நடுவில் கொண்டுபோய் இறக்கப்பட்டது. இந்திய இராணுவம் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. இரண்டு நாளில் உதவிக்கு ஆள் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். வரவில்லை. அதற்குள் வானொலிச் செய்தி ஒன்று, சில்ஹெட்டில் ஒரு பிரிகேடே இறங்கியிருப்பதாகத் தவறாக அறிவித்துவிட்டது. பிரிகேட் என்றால் பல பட்டாலியன்கள் சேர்ந்தது. இருந்ததோ ஒன்று! அந்தத் தவறையே அவர்கள் துணையாகக் கொண்டார்கள். பெரும் படைபோலப் பரவி நின்று நாட்களைக் கடத்தினார்கள். போரின் முடிவில் சில்ஹெட்டிலிருந்த ஆயிரக்கணக்கான பாகிஸ்தான் வீரர்கள் சரணடைந்தபோது, தங்களைச் சுற்றி நின்றது இத்தனை சிறிய படையா என்று திகைத்தார்கள்.

சண்டை முடிந்துவிட்டது. உயிர் தப்பினோம் என்று எல்லோரும் மூச்சு விடுகிற நேரம். அந்த நேரத்தில்தான் கார்டோசோவின் கால் ஒரு மிதிவெடியின் மேல் பட்டது.

அவரைத் தூக்கிக்கொண்டு போனவர் அந்த ஊர் வங்காளி ஒருவர். கால் சிதைந்து தொங்குகிறது. வலியை மரக்கச் செய்ய டாக்டரிடம் மருந்தில்லை. வெட்டி எடுக்கவும் கருவியில்லை. தம்முடைய கூர்க்காச் சிப்பாயிடம் குக்ரிக் கத்தியைக் கேட்டு, இந்தக் காலை வெட்டு என்றார். அந்த மனிதரால் முடியவில்லை. கத்தியை வாங்கித் தாமே வெட்டினார். வெட்டிய காலைக் கொண்டுபோய்ப் புதைக்கச் சொன்னார். எனக்கு வங்காளதேசத்தில் ஒரு துண்டு நிலம் சொந்தமாக இருக்கிறது என்று பிற்காலத்தில் அவர் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு.

படிக்கும்போதே உடம்பு கூசுகிறது அல்லவா? ஆனால் பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதுகிற இந்தக் கத்திக் கதையோடு நான் நிறுத்தப் போவதில்லை. அது சில நிமிஷத் துணிச்சல். அதற்குப் பிறகு வந்த நாற்பது வருஷத் துணிச்சல்தான் நமக்கு வேண்டியது.

அந்த டாக்டரின் பெயர்

அதற்கு முன் ஒரு மனிதரை நாம் மறக்கக் கூடாது.

முறையாகச் சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் உயிர் நிற்காது. இந்திய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஹெலிகொப்டர் இல்லை. ஆனால் சிறைப்பட்டவர்களில் பாகிஸ்தான் இராணுவத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் இருந்தார். மேஜர் முஹம்மது பஷீர்.

கார்டோசோ மறுத்தார். நேற்று வரை சுட்டுக்கொண்டிருந்தவனுடைய கத்தியின் கீழ் படுக்க அவர் மனம் ஒப்பவில்லை. அவருடைய மேலதிகாரி கடிந்துகொண்ட பிறகே ஒத்துக்கொண்டார். அப்போதும் நிபந்தனை போட்டார்: பாகிஸ்தான் இரத்தம் எனக்கு ஏற்றக் கூடாது!

பஷீர் என்ன செய்தார்? தோற்றுப்போன படையைச் சேர்ந்தவர், கைதியாக நிற்பவர், தம் இரத்தமே வேண்டாம் என்று சொல்கிற மனிதரின் மேல் கத்தி வைக்கிறார். கை கொஞ்சம் அசைந்திருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அவருடைய கை அசையவில்லை. செய்ய வேண்டியதைச் செம்மையாகச் செய்து முடித்தார். அந்த டாக்டர் வெகு நன்றாகச் செய்தார் என்று கார்டோசோவே பின்னாளில் பேட்டிகளில் வாய் நிறையச் சொன்னார். நேரில் நன்றி சொல்ல வாய்க்கவில்லையே என்ற குறையும் அவர் பேச்சில் தெரிந்தது.

ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதர் அனைவரையும் வாழவைத்தவர் போலாவார் என்று குர்ஆன் சொல்கிறது. அதைச் செய்து காட்டிய கைக்கு இங்கே ஒரு பெயர் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கத்தியை விட ஆழமாக வெட்டிய கோப்பு

காலை வெட்டியது குக்ரி. அதைவிட ஆழமாக வெட்ட வந்தது அலுவலகத்துக் கோப்பு.

மரக்கால் பொருத்திக்கொண்டு வந்தவரை இராணுவம் கௌரவமாகத்தான் வரவேற்றது. நாற்காலி தரத் தயாராக இருந்தது. ஆனால் அவர் கேட்டது நாற்காலி அல்ல. தம் வயதொத்த மற்ற அதிகாரிகளைப்போலப் பட்டாலியன் ஒன்றின் தலைமையைக் கேட்டார். கால் இல்லாதவர் காலாட்படைக்குத் தலைமை தாங்குவதா? அப்படி ஒரு வழக்கம் இந்திய இராணுவத்தில் இருக்கவில்லை. ஆகவே முடியாது என்றது கோப்பு.

பிடிவாதம் பிடிக்கிறவரை 'ஒற்றைக் காலில் நிற்கிறார்' என்போம். இவர் உண்மையாகவே ஒற்றைக் காலில் நின்றார்!

உடற்தகுதிப் பரீட்சைக்குப் போக வேண்டாம் என்று தடுத்தவர்களையும் மீறிப் போனார். ஓடினார். இரண்டு காலும் உள்ள அதிகாரிகள் சிலர் அவருக்குப் பின்னால் ஓடி வந்தார்கள். அப்போதும் கோப்பு அசையவில்லை. மேலே, அதற்கும் மேலே என்று விஷயம் போய், கடைசியில் இராணுவத் தலைமைத் தளபதி ரெய்னாவிடம் சேர்ந்தது. ரெய்னா ஒரு காரியம் செய்தார். தம்மோடு லடாக்குக்கு வரச் சொன்னார். அங்கே பனியிலும் பாறையிலும் கார்டோசோ மரக்காலோடு ஏறி இறங்குவதைத் தம் கண்ணால் பார்த்தார். அதற்குப் பிறகே வழி திறந்தது.

பாருங்கள் சகோதரிகளே! அத்தனை பேரும் கோப்பைப் பார்த்தார்கள். ஒருவர் ஆளைப் பார்த்தார்.

இந்திய இராணுவத்தில் ஊனமுற்ற நிலையில் காலாட்படைப் பட்டாலியன் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் அதிகாரி கார்டோசோ. பிறகு ஒரு பிரிகேடுக்கும் தலைமை தாங்கினார். மேஜர் ஜெனரல் பதவி வரை உயர்ந்து 1993இல் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் அந்த வழியில் கையோ காலோ இழந்த வேறு அதிகாரிகளும் நடந்தார்கள். ஒருவர் திறந்த கதவு பலருக்குத் திறந்தது.

சீருடையைக் கழற்றிய பின்

ஓய்வு பெற்ற ஜெனரல்கள் என்ன செய்வார்கள்? கோல்ப் விளையாடுவார்கள். பழைய போர்களைப் பேசுவார்கள். கார்டோசோ டில்லியில், மூளைவாதத்தால் கை கால் இயக்கம் குன்றிய பிள்ளைகளுக்காக நடந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிரிகேடை நடத்தியவர், கரண்டி பிடிக்கப் பழகுகிற குழந்தைகளுக்கு நடுவில்!

பிறகு 2005இல் இந்திய அரசு அவரை இந்தியப் புனர்வாழ்வுக் கவுன்சிலின் தலைவராக நியமித்தது. 2011 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

இந்தியாவில் முன்னாள் படைவீரருக்கென்று தனியான அரசு அமைப்புகள் நிறைய உண்டு. மத்தியில் ஒரு வாரியம், மாவட்டங்களில் அலுவலகங்கள், 2004 முதல் தனித் துறையே உண்டு. போரில் அங்கம் இழந்த வீரர்களுக்காகக் கார்டோசோவும் உழைத்திருக்கிறார். ஆனால் புனர்வாழ்வுக் கவுன்சில் படைவீரருக்கு மட்டும் உரியதல்ல. பிறவியிலேயே பார்வை இல்லாத பிள்ளை, காது கேளாத பிள்ளை, புத்தி வளர்ச்சி தாமதமான பிள்ளை, மில்லில் கை இழந்த தொழிலாளி என்று எல்லோருக்குமானது. போரில் போன காலுக்குப் பதக்கம் உண்டு, வணக்கம் உண்டு. தொட்டிலிலேயே செயலற்றுப்போன காலுக்கு என்ன உண்டு? இந்தக் கேள்வியின் பக்கம் போய் நின்றதில்தான் அவர் வரலாற்றின் உயர்வை நான் காண்கிறேன்.

அந்தக் கவுன்சிலின் வேலை என்ன? ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு குழந்தைக்குக் காது கேட்கவில்லை. பணம் சேர்த்துக் கருவி வாங்கி மாட்டிவிட்டீர்கள். போதுமா? போதாது. ஒலியைப் பிரித்தறியவும், உதட்டை அசைக்கவும், சொல்லைச் சேர்க்கவும் அந்தக் குழந்தையைப் பழக்க ஒருவர் வேண்டும். அவர் அந்தக் கலையை முறையாகப் படித்தவரா, அல்லது பலகை மாட்டிக்கொண்டு பணம் பறிப்பவரா? தாய்க்கு எப்படித் தெரியும்?

இதற்காகத்தான் 1992இல் இந்தியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. 1993 முதல் கவுன்சில் சட்ட அதிகாரம் பெற்று இயங்குகிறது. விசேட ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், செயற்கைக் கால் செய்பவர் ஆகியோர் என்ன படிக்க வேண்டும், எத்தனை காலம் படிக்க வேண்டும், எந்தக் கல்லூரி கற்பிக்கலாம் என்று தீர்மானிப்பது அது. படித்து முடித்தவர்களின் பெயரை மத்தியப் பதிவேட்டில் எழுதுவதும் அதுதான். பதிவில்லாமல் தொழில் செய்தால் தண்டனை உண்டு.

பாடத்திட்டமும் பதிவேடும் பத்திரிகைகளில் தலைப்பாக வருவதில்லை. கத்தியால் காலை வெட்டிய செய்தி நூறு தடவை வரும். ஆனால் எங்கோ ஒரு கிராமத்தில் ஒரு பிள்ளை பத்து வயதில் முதல் தடவையாக 'அம்மா' என்று சொல்வதற்குப் பின்னால் இந்தப் பதிவேடு இருக்கிறது.

ஒரு தலைவர் ஆறு வருஷம் இருந்ததால் எல்லாம் மாறிவிடவில்லை. சட்டம் டில்லியில் இருக்கிறது, பிள்ளை கிராமத்தில் இருக்கிறது. இடையில் உள்ள தூரம் இன்னும் மிச்சமிருக்கிறது. ஆனாலும் 'உன்னால் முடியாது' என்ற கோப்பைத் தாமே கையில் வாங்கிப் பார்த்த ஒருவர் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார் என்பது சிறிய காரியமல்ல.

வேறு நாடுகளில்

அமெரிக்காவில் முன்னாள் படைவீரருக்கென்று பெரிய அரசு நிர்வாகமே உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல், படையிலிருந்து திரும்பிய இலட்சோப இலட்சம் பேருக்கு வழி செய்ய அதன் தலைமையில் ஜெனரல் ஒமர் பிராட்லியை அமர்த்தினார்கள். அப்போது முதல் படையதிகாரிகள் பலர் அந்தப் பதவிக்கு வந்திருக்கிறார்கள். அவர்களில் மாக்ஸ் கிளீலண்ட் என்பவரை மட்டும் சொல்கிறேன். 1968இல் வியட்நாமில் கைக்குண்டு வெடித்து இரண்டு காலும் வலக் கையும் இழந்தவர். அப்போது வயது 25. 1977இல், 34 வயதில், அந்த நிர்வாகத்தின் தலைவரானார். சக்கர நாற்காலியில் வந்து ஒரு பெரும் அலுவலகத்தை நடத்தினார். போரில் உடம்பு காயப்படாமல் மனம் காயப்பட்டு வந்தவர்களுக்கும் ஆலோசனை நிலையங்கள் வேண்டும் என்ற திட்டம் அவர் காலத்தில், 1979இல் தொடங்கியது.

பெண்களில் இல்லையா? இருக்கிறார். டாமி டக்வர்த். தாய்லாந்துத் தாய்க்குப் பிறந்தவர். பெண்களுக்குப் போர்முனை வேலைகள் பெரும்பாலும் மூடியிருந்த காலத்தில் ஹெலிகொப்டர் ஓட்டப் படித்தார். 2004 நவம்பரில் ஈராக்கில் அவர் ஓட்டிய ஹெலிகொப்டர் தாக்கப்பட்டு இரண்டு காலும் போயின. 2006இல் இலினோய் மாநிலத்தின் முன்னாள் படைவீரர் துறைக்குப் பணிப்பாளர் ஆனார். பழைய வீரர்களை வேலைக்கு எடுக்கும் முதலாளிகளுக்கு வரிச் சலுகை, மனம் உடைந்தவர்கள் எந்த நேரத்திலும் அழைக்கக்கூடிய தொலைபேசி உதவி எல்லாம் அவர் காலத்து வேலைகள். 2009இல் மத்திய அரசில் அதே துறையில் உயர் பதவி. இன்று செனட் சபை உறுப்பினர். 2018இல் பதவியில் இருக்கும்போதே பிள்ளை பெற்றார். கைக்குழந்தையோடு சபைக்குள் வருவதற்காக அந்தச் சபை தன் விதியையே மாற்றியது!

ஈராக்கில் அந்தப் போர் எத்தனை தாய்மாரின், எத்தனை குழந்தைகளின் கால்களைப் பறித்தது? அவர்களுக்கு எந்தத் துறை இருந்தது, எந்தப் பணிப்பாளர் வந்தார்? இப்படிக் கேட்காமல் இந்தக் கதையைக் கடந்து போக நம்மால் முடியாது. மிதிவெடி சீருடையைப் பார்த்து வெடிப்பதில்லை. உதவி மட்டும் சீருடையைப் பார்த்து வருகிறது.

நம் மண்ணில்

நமக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. 1873இல் ஆங்கிலேயர் இலங்கை ரைபிள் படையைக் கலைத்தபோது, அதிலிருந்த மலாய் முஸ்லிம் வீரர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அவர்களில் பலர் பொலிஸிலும் தோட்டங்களிலும் வேலை தேடிக்கொண்டார்கள். மலைநாட்டில் மலாய்க் குடும்பங்கள் வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் காலத்தில், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1999இல் 54ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் 'ரணவிரு சேவா' அதிகாரசபை உண்டாயிற்று. அங்கம் இழந்த படைவீரரையும் உயிரிழந்தோரின் குடும்பங்களையும் கவனிப்பது அதன் பொறுப்பு. அது தேவையான அமைப்பு. ஆனால் அதே மிதிவெடியில் கால் போன வடக்குக் கிழக்கு விவசாயிக்கும், விறகு பொறுக்கப் போன பெண்ணுக்கும் அந்தக் கதவு திறக்காது. போருக்கே சம்பந்தமில்லாமல் தோட்டத்து ஸ்டோர் இயந்திரத்தில் விரல் இழந்தவருக்கும், லொறியில் கால் இழந்த டயகமப் பிள்ளைக்கும் திறக்காது.

அவர்களுக்கு என்ன உண்டு? ஊனமுற்றோரின் உரிமைகளைக் காக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உண்டு. அரச வேலைகளில் நூற்றுக்கு 3 இடம் அவர்களுக்கு என்று 1988இல் வந்த சுற்றறிக்கை உண்டு. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் உண்டு. கண்டிக்கு அருகே திகனையிலும், கொழும்புப் பக்கம் ராகமவிலும் புனர்வாழ்வு ஆஸ்பத்திரிகள் உண்டு. செயற்கைக் கால் செய்து பொருத்தும் கொழும்பு பிரெண்ட்-இன்-நீட் சங்கம் உண்டு, யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் உண்டு. இத்தனையும் இருந்தும் கேட்டுப் போகிறவர் எத்தனை பேர்? வெட்கம் நம்மை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

நம் வீட்டில்

சகோதரிகளே! அரசு அலுவலகத்துக்கு முன்னால் ஓர் அலுவலகம் இருக்கிறது. அது வீடு. அதன் நிர்வாகி நீங்கள்.

முதலில் உடம்பைச் சொல்கிறேன். முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்டவருக்கு முழங்கால் மிச்சம். அது பெரிய பாக்கியம். செயற்கைக் காலில் நடை எளிதில் கைகூடும். ஆனால் அந்த முழங்கால் மடங்கியபடியே கிடந்தால் இறுகிப்போகும். நீட்டி மடக்கும் பயிற்சி நாள்தோறும் வேண்டும். மிஞ்சிய பகுதியை டாக்டர் காட்டிய முறையில் துணியால் சுற்ற வேண்டும். தோல் சிவந்திருக்கிறதா, புண் இருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். இல்லாத பாதம் வலிக்கிறது என்று அவர் சொன்னால் பைத்தியம் என்று நினைக்காதீர்கள். அது உண்மையான வலி. டாக்டர்கள் அறிந்த வலி. மருந்தும் பயிற்சியும் உண்டு.

ஜெய்ப்பூர்க் கால் என்பது 1968இல் இந்தியாவில் உருவானது. நம்மவர் வாழ்க்கையைப் பார்த்துச் செய்தது. செருப்பில்லாமல் நடக்கலாம், ஈரத்தில் போகலாம், தரையில் உட்காரலாம். டயகமவின் மழைக்கும் மேட்டுக்கும் இதைவிட வேறென்ன வேண்டும்?

அடுத்து மனம். அவர் செய்துவந்த வேலையில் எது இன்னும் செய்ய முடியும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எது முடியாது என்பதை எழுத வேண்டாம். அதை ஊரே எழுதி வைத்திருக்கிறது. விருந்தாளி வந்தால் கூப்பிடுங்கள். கடைச் சாமான் விலையைக் கேளுங்கள். வீட்டில் ஒரு முடிவு எடுக்கும்போது அவருடைய சொல்லையும் கேளுங்கள். கோபப்பட்டால் கோபப்படட்டும். 'பாவம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல் மிஞ்சியிருக்கும் காலையும் எடுத்துவிடும்.

நம் மார்க்க வரலாற்றில் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பார்வையற்றவர். பெருமானார் (ஸல்) அவர்கள் பயணம் போன சில சமயங்களில் மதீனாவின் பொறுப்பை அவர்கள் கையில்தான் ஒப்படைத்துச் சென்றார்கள். கண் தெரியாதவரிடம் ஒரு நகரத்தை ஒப்படைத்தார்கள் சகோதரிகளே! ஒரு கடைக் கணக்கை ஒப்படைக்க நமக்கு ஏன் தயக்கம்?

ஜெனரல் ரெய்னா லடாக்கில் என்ன செய்தாரோ அதைத்தான் நீங்களும் செய்ய வேண்டும். கோப்பை மூடிவிட்டு ஆளைப் பாருங்கள்.

டயகமவில் இருக்கும் அந்த உம்மாவுக்கு ஒரு வார்த்தை: நாளைக் காலையில் கடையைத் திறக்கும்போது கணக்குப் புத்தகத்தைப் பின் அறைக்குக் கொண்டுபோய் மகன் கையில் கொடுங்கள். ஒரு வாரம் அங்கேயே எழுதட்டும். அடுத்த வாரம் புத்தகத்தைக் கடை மேசையில் வைத்துவிட்டு, "மகன், கணக்குப் பார்க்க இங்கே வா" என்று கூப்பிடுங்கள். முதல் நாள் வராமல் இருக்கலாம். இரண்டாம் நாளும் வராமல் இருக்கலாம். நீங்கள் ஒற்றைக் காலில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருங்கள்.